ஒரு குரலை எடுக்க 11 நாள்

எங்கள் கடற்கரைப் பேச்சைப் போன் சரியாக எழுதாது. கடல் நீரோட்டத்தை 'நீவாடு' என்போம்; அதைச் சொன்னால் 'நீ வாடா' என்று வரும். அதைச் சரிசெய்யத்தான் குளச்சல் பக்கத்து ஊர்களில் 43 பேரைப் பேசவைத்துப் பதிவுசெய்து, பேச்சை எழுத்தாக மாற்றும் ஒரு கணினி மாடலைப் பயிற்றுவித்தேன்.

நாலு மாதம் கழித்து அதில் ஒரு அம்மா போன் செய்தார். "மக்களே, நான் அன்னைக்குப் பேசுனத எடுத்துரு. பிள்ளைகளுக்குப் பிடிக்கல்ல." இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன். 11 நாள் ஆனது.

ஆள் தெரியக்கூடாது என்று பேச்சைப் பத்து நொடித் துண்டுகளாக வெட்டி, பெயரை நீக்கிக் கலந்து வைத்திருந்தேன். இப்போது எது அவருடையது என்று எனக்கே தெரியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பின்னால் டிக் டிக் என்று ஓடும். பல துண்டுகளை அதை வைத்துத்தான் பிடித்தேன்.

கேட்கக் கேட்கத்தான் உறைத்தது. பெயர் இல்லை, சரி. 2017 ஓகிப் புயலில் திரும்பாத வள்ளம், அதன் நிறம், அதில் போன மருமகன் எல்லாம் இருக்கிறதே. ஊர்க்காரர் யார் கேட்டாலும் வீட்டைச் சொல்லிவிடுவார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று அமெரிக்கக் கணினி அறிஞர் லதான்யா ஸ்வீனி 2000-இலேயே காட்டியிருக்கிறார். எங்கள் ஊருக்கு வள்ளத்தின் நிறமே போதும்.

துண்டுகளை அழித்தாலும் மாடல் அவற்றிலிருந்து கற்றது அதற்குள்ளேயே இருக்கும். அதை மட்டும் பிடுங்கி எடுக்க நம்பிச் செய்யும் வழி எனக்குக் கிடைக்கவில்லை. பழைய மாடலைத் தூக்கிப்போட்டு, 42 பேர் குரலோடு முதலிலிருந்து பயிற்றுவித்தேன். பென் டிரைவ், நண்பனின் லேப்டாப் என்று நகல்களையும் தேடி அழித்தேன்.

ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். என் படிவத்தில் கையெழுத்துக்கு மட்டும்தான் இடம் இருந்தது. இப்போது ஆளுக்கு ஒரு எண். துண்டில் எண் மட்டும் இருக்கும். எண் யாருடையது என்பது என் பீரோவில் உள்ள நோட்டில். பேசியவர் கையில் அந்த எண்ணும் என் போன் நம்பரும் எழுதிய சீட்டு.

அந்த அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப அது என்னைய மறந்துருமா?" என்று கேட்டார். புதியது உங்கள் குரலைக் கேட்டதே இல்லையம்மா என்றேன்.

மீதி 42 பேரிடமும் அவரவர் பதிவைப் போட்டுக்காட்டி வருகிறேன். இதுவரை ஆறு பேர் சில இடங்களை நீக்கச் சொல்லியிருக்கிறார்கள்.