எட்டாயிரத்து நூற்று ஐம்பத்தைந்து

18 செப்டம்பர் 2024
சரக்கு வாங்கிப் பாக்கி வைத்திருப்பவருக்கு இரவு 11.40க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது. காலையில் இரண்டு நீல டிக். இனி அழித்துப் பயனில்லை.

20 செப்டம்பர்
பதில் இல்லை. துணி ஓரம் தைக்கும் 'ஓவர்லாக்' மிஷின் மறுபடியும் நூல் அறுக்கிறது.

24 செப்டம்பர்
பதில் வந்தது, அவருடைய வக்கீலிடமிருந்து. மிரட்டிப் பணம் பறித்தல், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு. பணத்தைப் பறிகொடுத்தவன் நான்.

25 செப்டம்பர்
நம் வக்கீல் அண்ணன் நான் அனுப்பிய செய்தியை என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். ஐந்து லட்சம் வராவிட்டால், பில் இல்லாமல் போன சரக்கின் கணக்கு ஜிஎஸ்டி அலுவலகத்துக்குப் போகும். உங்கள் பெண்ணின் கல்யாண மண்டபத்துக்கு நானே வருவேன். என் குரலில் கேட்க எனக்கே கூசியது.

"புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு தம்பி. கொடுக்காமல் இருப்பதற்கு விலை சொன்னீர்களே, அங்கேதான் வம்பு."

என் காசைத்தானே கேட்டேன் என்றேன். அதுதான் நமக்கிருக்கும் பிடியாம். நேர்மையற்ற எண்ணம் இருந்தால்தான் அந்தப் பிரிவு; உரிமையில்லாததை அடையப் பார்ப்பது அந்த எண்ணம். பயந்து பணம் கொடுத்துவிட்டால் ஏழு ஆண்டு வரை, மிரட்டலோடு நின்றால் இரண்டு ஆண்டு வரை.

"சரி, பாக்கி எவ்வளவு?"

நாலு லட்சத்து அறுபதாயிரம்.

"ஐந்து எங்கிருந்து வந்தது?"

கோபத்திலிருந்து வந்தது. அதை எப்படிச் சொல்வது?

26 செப்டம்பர்
தூக்கமில்லை. 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டத்தைப் பார்த்தேன். சரக்கு வாங்கியவர் பணம் தர 45 நாள் கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. விகிதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு 20.25. கந்துவட்டிக்காரன் வாயிலிருந்து வருவதுபோல் இருக்கிறது, ஆனால் சட்டமே கேட்கச் சொல்கிறது! கெடு முடிந்தது மே 15. நாலு மாதத்துக்குப் போட்டால் 4,91,845.

எட்டாயிரத்து நூற்று ஐம்பத்தைந்து ரூபாய்க்கு நான் குற்றவாளி.

29 செப்டம்பர்
அந்தப் பெண் சின்னவளாக இருந்தபோது நம் பட்டறைக்கு வந்து பொம்மைக்குத் துணித்துண்டு பொறுக்கிக்கொண்டு போவாள். மண்டபத்தை ஏன் எழுதினேன்?

3 அக்டோபர்
நம் நோட்டீஸ் பதிவுத் தபாலில் போயிற்று. அவர் கொடுத்து வங்கியிலிருந்து திரும்பிய காசோலைக்குப் பதினைந்து நாள் கெடு, தவறினால் வழக்கு, இரண்டு ஆண்டு வரை சிறை. சிறை என்றே எழுதியிருக்கிறது. நான் எழுதியதைவிடக் கடுமை. படித்தபோது பொறாமையாக இருந்தது.

7 அக்டோபர்
போனஸ் எப்போது என்று பட்டறையில் கேட்கிறார்கள்.

9 அக்டோபர்
வரும் 15ஆம் தேதி ஐந்து மாதம் நிறைகிறது. அன்று கணக்கு 5,00,145. அன்றைக்குக் கேட்டிருந்தால் 145 ரூபாய் தள்ளுபடி செய்தவனாகியிருப்பேன்.

11 அக்டோபர், ஆயுத பூஜை
மிஷின்களுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் சிணுங்கியது. 5,00,000 வரவு. எதற்கென்று ஒரு வரி இல்லை. பயந்து கொடுத்தாரா, பாக்கிக்குக் கொடுத்தாரா?

வக்கீல் அண்ணன் ஃபோன் எடுக்கவில்லை, விடுமுறை. எட்டாயிரத்து நூற்று ஐம்பத்தைந்தை இப்போதே திருப்பி அனுப்பட்டுமா என்று வீட்டில் கேட்டேன். "இன்னும் நாலு நாள்தானே, சும்மா இருங்கள்" என்று பொரிகடலையைக் கையில் திணித்தாள்.