மாஸ்டடானில் சர்வர் மாறிய கதை

2022 நவம்பரில் ட்விட்டரை விட்டு, அதே மாதிரியான மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தின் பக்கம் ஒரு கூட்டம் கிளம்பியதே, அதில் நானும் ஒருவன். மாஸ்டடான் ஒரே இடத்தில் ஓடுவதில்லை; ஆளாளுக்குத் தனித்தனியாக நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எந்த சர்வரில் சேரப் போகிறாய் என்று கேட்டதும் முழித்தேன். பெயர் அழகாக இருந்த ஒன்றில் சேர்ந்துவிட்டேன். மின்னஞ்சல் மாதிரிதானே, எங்கே கணக்கு இருந்தாலும் எல்லோரோடும் பேசலாம் என்று நினைப்பு.

அது பாதிதான் உண்மை. நாலைந்து மாதம் கழித்து ஒரு நண்பர், "என்னை ஏன் அன்ஃபாலோ பண்ணிட்டீங்க?" என்று கேட்டார். நான் செய்யவே இல்லை. எங்கள் சர்வரில் சிலர் அடித்த கூத்தை, அதை நடத்தும் அட்மின் கண்டுகொள்ளவில்லை. பொறுத்துப் பார்த்த நண்பரின் சர்வர் எங்களை மொத்தமாகத் தடை செய்துவிட்டது. அப்படித் தடை விழுந்தால் இரு பக்கமும் ஃபாலோ அறுந்துவிடும். அப்போதெல்லாம் அறிவிப்புகூட வராது. 2024 அக்டோபரில் வந்த மாஸ்டடான் 4.3 பதிப்பிலிருந்துதான், தடை செய்த சர்வரில் இருப்பவர்களுக்காவது சொல்கிறார்கள்.

சரி, மாறிவிடுவோம் என்று மூன்று சர்வர்களை எடுத்துக்கொண்டேன். முதலில் பார்த்தது உறுப்பினர் எண்ணிக்கை. அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. அடுத்தது எழுத்து வரம்பு. மாஸ்டடானில் வழக்கமாக 500 எழுத்து, ஒன்றில் 5000. கிட்டத்தட்ட அதற்கே விழுந்துவிட்டேன்.

உருப்படியான விஷயம் அறிமுகப் பக்கத்தில் இருந்தது. விதிகளுக்குக் கீழே, தடுத்துவைத்திருக்கும் சர்வர்களின் பட்டியல். ஒரு சர்வரின் அட்மின் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருந்தார். இன்னொன்றில் பட்டியல் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் தெரியும். 5000 எழுத்துக்காரரிடம் பட்டியலே காலி. யாரையும் தடுக்காத சர்வர் எனக்குக் கதவில்லாத வீடாகப் பட்டது. அப்புறம் அதையே திருப்பிப் போட்டேன்: நண்பர்கள் இருக்கும் சர்வர்களின் பட்டியல்களில் இந்த மூன்றின் பெயர் இருக்கிறதா? அங்கே மாட்டியதும் அதே காலிப் பட்டியல்காரர்தான்.

மீதி இரண்டில் அட்மின்களின் சொந்தப் பதிவுகளைப் பின்னோக்கிப் படித்தேன். ஒருவர் சர்வர் படுத்த அன்று என்ன ஆனது, எப்போது சரியாகும் என்று விவரமாகச் சொல்லியிருந்தார். மற்றவர் எழுதியே பல வாரம் ஆகியிருந்தது. முதலாமவரிடம் துணைக்கு இன்னொரு அட்மினும் உண்டு. மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால் தினமும் பேக்கப், அவசரத்துக்கு இன்னொருவரிடம் சாவி, மூடுவதற்கு மூன்று மாதம் முன்னால் தகவல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அந்தப் பட்டியலில் இருந்தார். சேர விண்ணப்பத்தில் காரணம் எழுதச் சொன்னார்கள். கொஞ்சம் எரிச்சல்தான், ஆனாலும் எழுதினேன். மறுநாள் அனுமதி வந்தது.

மாறும் வேலை எளிது, வரிசை மட்டும் தப்பக்கூடாது. முதலில் புதுக் கணக்கின் அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும். பிறகு பழைய கணக்குக்குப் போய், புது முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்து நகர்த்த வேண்டும். அழுத்திவிட்டுப் புதுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 0, 7, 31... பின்தொடர்பவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இதற்குப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். படுத்துவிட்டால் யாரையும் கூட்டி வர முடியாது.

என் டைம்லைன் மட்டும் வெறிச்சென்று கிடந்தது. நம்மைப் பின்தொடர்பவர்கள்தான் தானாக வருவார்கள், நாம் பின்தொடர்பவர்கள் வரமாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பின்தொடர்பவர்களின் பட்டியலைப் பழைய கணக்கிலிருந்து சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி, புதியதில் ஏற்றினேன். தடுத்தவர்கள் பட்டியலுக்குத் தனிக் கோப்பு, புக்மார்க்குக்குத் தனிக் கோப்பு.

பதிவுகள் வராது. நான் எழுதியதெல்லாம் பழைய சர்வரிலேயே கிடக்கின்றன. காப்பகத்தை இறக்கி வைத்திருக்கிறேன், இன்னும் திறந்து பார்க்கவில்லை. அந்த நண்பரை மறுபடி ஃபாலோ செய்தபோது அவர் அனுப்பியது ஒரே வரி: "இந்தத் தடவை நிஜமாவே நீங்கதானா?"