ஹீட்டர் லைனைத் தூக்கப் போய்ப் பட்ட பாடு

காரின் ஹீட்டர் காயில், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடி வண்டிக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர், ஒழுகுகிறது. காலடி மேட் பிசுபிசுக்கிறது, வண்டிக்குள் தித்திப்பாக ஒரு வாடை, கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் படலம். புதுக் காயில் போட டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். பழைய வண்டி, ஹீட்டர் போட்டதாக நினைவே இல்லை. லைனையே தூக்கிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

"ரெண்டு வாயையும் டம்மி பண்ணிட்டா முடிஞ்சுது சார்" என்றார் மெக்கானிக். இன்ஜினில் ஹீட்டர் ஹோஸ் மாட்டும் இரண்டு வாயிலும் ரப்பர் மூடி மாட்டி அனுப்பியும் விட்டார். அன்றிலிருந்து டெம்பரேச்சர் முள் சர்ரென்று ஏறும், திடீரென்று இறங்கும். கேட்டால் "சென்சார் போயிடுச்சு". மாற்றியும் அதே கூத்து. அதற்குள் ஒரு மூடி பிளந்து கூலன்ட் முழுக்க ரோட்டில். காற்றை உறிஞ்சும் வேக்கம் லைனுக்கான மூடி அது. ஒரு பார் அளவு அழுத்தத்தையும் கொதிசூட்டையும் எத்தனை நாள் தாங்கும்?

மேனுவலில் கூலன்ட் ஓடும் படத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது மூடியிருக்கும்போது இந்த இன்ஜினில் கூலன்ட் சுற்றிவர இருக்கும் வழியே ஹீட்டர் லைன்தான். அந்த லைனை அடைத்தால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் சூடு தேங்கும், தெர்மோஸ்டாட்டுக்கு அது தெரியவே தெரியாது. அப்படிச் சுற்றிவர பைபாஸ் என்ற மாற்றுவழி தனியாக இருக்கும் இன்ஜினுக்கு டம்மி சரி, அதுவும் உலோகத்தில். மற்றதற்கு, ஹெட்டிலிருந்து வரும் வாயையும் வாட்டர் பம்புக்குப் போகும் வாயையும் ஒரே ஹோஸால் இணைத்துவிட வேண்டும்.

அந்த ஹோஸுக்கு அலைந்தது தனிக்கதை. ஒரு வாய் 16 மி.மீ., இன்னொன்று 19. நேர் ஹோஸை வளைத்தால் மடங்கி அடைத்துக்கொள்கிறது. வளைவாகவே வார்த்த ஹோஸும் நடுவில் இரண்டு அளவையும் இணைக்கும் ஒரு பித்தளை ரெட்யூசரும் போட்டேன். ரெட்யூசரின் சின்னத் துளையும் நல்லதுதான். இல்லாவிட்டால் ரேடியேட்டருக்குப் போக வேண்டிய கூலன்ட் இந்தக் குறுக்கு வழியில் ஓடிவிடும்.

பழைய ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் வாய் முறிந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். கூலன்ட் நிரப்பும்போது வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து நிற்கட்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து, ஃபேன் ஓடும்வரை ஐடிலில் விட்டு உள்ளே சிக்கிய ஏர் எடுங்கள். முள் இப்போது பாதியில் அசையாமல் நிற்கிறது.

ஏசி வேலை செய்யாத வண்டியா? இதில் இறங்கவே வேண்டாம். மழையில் கண்ணாடிப் பனியைப் போக்க அப்புறம் வழியே இல்லை. ஓவர்ஹீட் ஆனால் ஹீட்டரை முழுசாகத் திறந்து சமாளிக்கும் வித்தையும் போய்விடும்.