பண்டிதரின் முப்பது யானைகள்

1967இல் நான் எட்டாம் வகுப்பு. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் தேரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார் எங்கள் தமிழ் வாத்தியார். ஊரில் எல்லாரும் அவரைப் பண்டிதர் என்றுதான் சொல்வார்கள். கொப்பி திரும்பி வந்தபோது 'பெரிய' என்று நான் எழுதிய இடமெல்லாம் சிவப்பு மையில் வட்டம். எண்ணச் சொன்னார். பதினொன்று.

"தேரும் பெரிசு, வடமும் பெரிசு, சனமும் பெரிசு. எல்லாம் ஒரே மாதிரிப் பெரிசோ, தம்பி?"

நான் பேசாமல் நின்றேன். அவரே கரும்பலகையில் எழுதினார். தேர் நெடியது. வடம் பருத்தது. சனம் திரண்டது. வீதி அகன்றது. பிறகு என்னைப் பார்த்து, "நீ தேரடியில நிண்டனியோ இல்லையோ எண்டு வாசிக்கிறவனுக்குத் தெரிய வேணும்" என்றார். இன்றைக்கும் 'பெரிய' என்று எழுத வந்தால் என் பேனா ஒரு கணம் நிற்கிறது.

அடுத்த கிழமை சூடாமணி நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூல் தொடங்கியது. மண்டல புருடர் விருத்தப்பாவில் செய்தது, பாடமாக்க இலகு. ஆறுமுக நாவலர் 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனபோது அங்கேயே உரையோடு அச்சிட்ட நூல் அது. 1842இல் 58,500 சொற்களோடு மானிப்பாயில் அகராதி அச்சான கதையையும் அதே மூச்சில் சொல்வார். அகராதியில் சொல்லைத் தேடிப் பொருளுக்குப் போகிறோம், நிகண்டிலோ பொருளிலிருந்து சொல்லுக்குப் போகிறோம் என்று அவர் விளக்கியது எனக்கு அப்போதே பிடித்துக்கொண்டது.

யானைக்கு மட்டும் நிகண்டிலிருந்தும் பழம்பாட்டிலிருந்தும் பொறுக்கி முப்பது பெயர் தந்தார். களிறு, பிடி, வேழம், வாரணம், குஞ்சரம், மாதங்கம், உம்பல், கைம்மா, புகர்முகம், கறையடி... கரி என்றால் அடுப்புக்கரி என்றும், நாகம் என்றால் பாம்பு என்றும், தும்பி என்றால் வண்டு என்றும் அறிந்திருந்த எங்களுக்கு அவையும் யானைதான் என்றதும் தலை சுற்றியது. ஒப்புவித்தோம், அவ்வளவுதான். குடாநாட்டில் காட்டு யானை ஏது? என் வகுப்பில் பலர் படத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

அந்த ஆண்டு கல்விச் சுற்றுலாவுக்கு யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போனோம். ஆனையிறவு வந்ததும் பண்டிதர் எழுந்து யன்னலோரம் நின்றார். வன்னியில் பிடித்த யானைகளை இந்தக் கடல்நீரேரியைக் கடந்துதான் யாழ்ப்பாணத்துக்கு நடத்திக்கொண்டு வந்தார்களாம். ஒல்லாந்தர் காலத்தில் ஏலத்தில் விற்று இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்களாம். வெளியே வெயிலில் உப்பளம் மினுங்கியது. நான் தண்ணீரைப் பார்த்து எவ்வளவு ஆழம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. முன்னால் ஒரு யானை. அது ஒரு பிடி புல்லைத் துதிக்கையால் சுருட்டி எடுத்து, முன்காலில் இரண்டு தரம் அடித்து மண்ணை உதறி, அதற்குப் பிறகுதான் வாயில் வைத்தது. "கை!" என்று யாரோ கத்தினான். கைம்மா, கையுள்ள விலங்கு. நெற்றியிலும் துதிக்கையின் அடியிலும் தேமல் படர்ந்தது போல வெளிறிய சிவப்பில் புள்ளிகள். புகர் என்றால் புள்ளி என்று பாடமாக்கியிருந்தோம், அது இங்கே முகத்தில் இருந்தது.

கறையடியைத்தான் நாங்கள் பிழையாக விளங்கியிருந்தோம். சேற்றுக் கறை பட்ட கால் என்று நினைத்தோம். என் பக்கத்தில் நின்றவன் குனிந்து காலையே பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்: "எங்கட வீட்டு உரல் மாதிரிக் கிடக்கு, சேர்."

பண்டிதர் அவனை இழுத்து அணைத்துக்கொண்டார். "அதுதான்ரா! கறை எண்டால் உரல். உரல் போல அடி!" அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

வலிமைக்குரிய சொற்களையும் அவரிடம் படித்தோம். உரம், திண்மை, விறல், மொய்ம்பு, மிடல், துப்பு. எங்கள் ஆச்சி கோபம் வந்தால் 'துப்புக் கெட்டவன்' என்று ஏசுவா. அந்தத் துப்புத்தான் இது என்று அறிந்த நாளில் ஓடிப்போய் ஆச்சியிடம் சொன்னேன். "நான் பின்ன என்னெண்டு சொன்னனான்?" என்றுவிட்டு வெற்றிலை இடிக்கத் தொடங்கினா.

இங்கே ரொறன்ரோவில் வரும் அழைப்பிதழ்களில் எல்லாம் 'மாபெரும்', 'பிரமாண்டமான'. பிரமாண்டம் என்றால் பிரமனின் அண்டம், ஒரு முழு உலகம். சூரபத்மன் ஆண்டது 1008 அண்டம் என்று கோயிலில் புராண படனம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சொல்லை எடுத்ததற்கெல்லாம் வைக்கும்போது எனக்கு மனம் நோகிறது. நெடிய மண்டபம் என்றோ, சனம் திரண்டு வந்தது என்றோ எழுதுங்களேன், நடந்தது அப்படியே கண்ணில் தெரியும்.

முப்பது பெயரும் எழுதிய கொப்பி 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டது. போன மாதம் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன், இருபத்தாறு வந்தது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாரிடமாவது மிச்சம் நாலும் இருந்தால் இந்த மலரைத் தொகுக்கும் குழுவுக்கு எழுதிவிடுங்கள். ஒன்று உகரத்தில் தொடங்கும், இரண்டே எழுத்து. உம்பல் இல்லை.