ரஸ்ட்அப்பை ஏற்றியதும் கழற்றியதும்

உபுண்டு லினக்ஸ் 24.04-இல் ரஸ்ட் என்ற நிரல்மொழி வேண்டுமென்றால், உபுண்டுவோடு வரும் மென்பொருள் ஏற்றியான ஏபிடி வழியாகவே ஏற்றிவிடலாம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அதில் வருவது ரஸ்ட் 1.75. யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பன் அனுப்பிய ப்ராஜெக்டோ ரஸ்ட் மொழியின் 2024 எடிஷனில் எழுதியது. அதற்குக் குறைந்தது 1.85 வேண்டும், அது 2025 பெப்ரவரியில்தான் வெளிவந்தது. என்னிடமிருந்த கார்கோ (ரஸ்ட் ப்ராஜெக்டுகளை பில்ட் பண்ணும் கருவி) அதைத் திறந்தவுடனேயே மறுத்துவிட்டது.

சரி, ரஸ்ட் பதிப்புகளை ஏற்றவும் மாற்றவும் உதவும் ரஸ்ட்அப்தான் வழி. ஏபிடியில் வந்ததை முதலில் கழற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், ஏற்கெனவே ஒரு ரஸ்ட் இருக்கிறது, தொடரவா என்று ரஸ்ட்அப்பின் இன்ஸ்டாலர் கேட்கும். எடுத்துவிட்டு, தேவையில்லாமல் மிஞ்சியவற்றை ஆட்டோரிமூவ் கொடுத்துத் துடைத்தேன். இன்ஸ்டாலரை இறக்க உதவும் கர்ல் உபுண்டுவில் கூடவே வருவதில்லை, அதையும் போட வேண்டியிருந்தது.

உவர்மலையில் எங்கள் வீட்டில் போன் ஹொட்ஸ்பொட்தான் இணையம். அதனால் எது எவ்வளவு இறங்கும் என்பது எனக்குப் பெரிய விஷயம். இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விக்கு என்டரைத் தட்டிவிட்டால் கம்பைலர், கார்கோவோடு கிளிப்பி (கோடில் தவறுகளைச் சுட்டுவது), ரஸ்ட்எஃப்எம்டி (கோடை ஒழுங்குபடுத்துவது), முழு ஆவணத் தொகுப்பு எல்லாம் வரும். ஆவணத் தொகுப்பு ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள். என்னுடைய பழைய ஹார்ட் டிஸ்கில் அதை விரிக்கவே நேரம் பிடிக்கும். "மச்சான், மினிமலைப் போடு, உனக்கு டொக்ஸ் எல்லாம் ஏன்டா" என்றான் நண்பன். இரண்டாவது தெரிவில் ப்ரொஃபைலை மினிமல் என்று மாற்றினேன். கிளிப்பி பிறகு தேவைப்பட்டபோது தனியாகச் சேர்த்துக்கொண்டேன்.

இன்ஸ்டாலர் முடிந்தது என்று சொல்லும், ஆனால் அதே டெர்மினலில் கார்கோவைக் கூப்பிட்டால் கிடைக்காது. புதிய டெர்மினல் திறந்தால் போதும். அப்புறம் வந்தது 'சிசி' என்ற லிங்கர் இல்லை என்ற பிழை. ரஸ்ட் கடைசிக் கட்டத்தில் துண்டுகளைக் கோக்க, சி மொழிக் கம்பைலரான ஜிசிசி மாதிரி ஒன்றை நம்பியிருக்கிறது. ஏபிடியின் ரஸ்ட் அதைக் கூடவே இழுத்துவந்திருந்தது. ஆட்டோரிமூவ் அதையும் கொண்டுபோய்விட்டது. ஜிசிசியோடு வரும் பில்ட்-எசென்ஷியல் போட்டதும் சரியானது.

அப்டேட் லேசான வேலை. 6 வாரத்துக்கு ஒருமுறை புதிய ஸ்டேபிள் பதிப்பு வரும். ரஸ்ட்அப் செக் என்று கொடுத்தால் எதையும் இறக்காமல் புதிது இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். டேட்டா அளந்து பாவிப்பவர்களுக்கு இது பெரிய உதவி. கார்கோ இன்ஸ்டால் மூலம் போட்ட கருவிகளை ரஸ்ட்அப் அப்டேட் தொடாது, அவற்றைத் தனியாக மறுபடி இன்ஸ்டால் பண்ண வேண்டும்.

டேட்டாவை உண்மையில் தின்றது வேறொன்று. சில ப்ராஜெக்டுகளில் ரஸ்ட்-டூல்செயின் என்ற ஃபைல் இருக்கும். உள்ளே போய்ச் சும்மா ஒரு பில்ட் கொடுத்தாலே, அது கேட்கும் பதிப்பு முழுவதும் கேட்காமலேயே இறங்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பதிப்பின் கம்பைலர், கார்கோ எல்லாம் சேர்ந்ததுதான் டூல்செயின். அந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தால் நான் நினைத்தே பார்க்காத பழைய பதிப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக நீக்கினேன். புதிய ப்ராஜெக்டை எடுத்தால் இப்போது முதலில் அந்த ஃபைல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

லப்டொப்பைத் தங்கச்சிக்குக் கொடுக்க வேண்டி வந்தபோது எல்லாவற்றையும் கழற்றினேன். கார்கோ மூலம் போட்ட கருவிகளின் பட்டியலை முதலில் ஒரு ஃபைலில் எழுதி வைத்தேன். பிறகு ரஸ்ட்அப் செல்ஃப் அன்இன்ஸ்டால். ஒருமுறை கேட்டுவிட்டு டூல்செயின்களையும், பாத்தில் (டெர்மினல் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்த்த வரியையும் தானே எடுத்துவிடும். இவ்வளவு ஒழுங்காகக் கழன்றுபோகும் கருவிகள் குறைவு. ஆனால் ப்ராஜெக்டுகளுக்குள், பில்ட் பண்ணியவை சேரும் டார்கெட் ஃபோல்டர்கள் அப்படியே கிடக்கும். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை பெரும்பாலும் அவைதான், தேடி அழித்தேன்.

ஜிசிசியை மட்டும் எடுக்கவில்லை. தங்கச்சிக்குக் கம்பஸில் முதல் வருடம் சி படிப்பிக்கிறார்களாம்.