கத்தினா நல்லா ஓடுதுன்னு அர்த்தம்

கோவைப் பக்கம் மசாலா பாக்கெட் போடும் ஒரு யூனிட். பிலிமை இழுக்கும் மோட்டாரை ஆட்டிவைக்கும் சர்வோ டிரைவ் பெட்டியின் அலாரம் அவுட்புட்டில் (நலமா, கோளாறா என்று வெளியே சொல்லும் முனை) ஏதோ குளறுபடி, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே போனால் மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய, ஹூட்டர் முனகிக்கொண்டிருக்கிறது. முனகலுக்குக் காரணம், அதன் வாயில் யாரோ பழைய துணியைத் திணித்திருந்தார்கள்.

"ஏனுங்கக்கா, எப்பவும் இப்படித்தானா?" என்று மெஷின் ஓட்டுபவரைக் கேட்டேன்.

"ஆமாங்க தம்பி. கத்தினா நல்லா ஓடுதுன்னு அர்த்தம். சத்தம் நின்னாத்தான் போய்ப் பார்க்கோணும்."

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெரும்பாலான சர்வோ டிரைவ்களில் அலாரம் அவுட்புட் நம் நினைப்புக்கு நேர்மாறு. எல்லாம் நன்றாக இருக்கும்வரை ஆனில் இருக்கும், கோளாறு வந்தால் ஆஃப். ராத்திரி கூர்க்கா விசில் மாதிரி, கேட்கிறவரை நிம்மதியாகத் தூங்கலாம். வயர் அறுந்தாலும், டிரைவுக்கே கரண்ட் போனாலும் அதே ஆஃப்தான் என்பதால் எப்படிக் கெட்டாலும் சேதி வந்துவிடும்.

பேனலை வயரிங் செய்தவர் கெட்டிக்காரர்தான். அந்த அவுட்புட் தாங்குவது 50 மில்லி ஆம்பியர் அளவே, ஹூட்டரை நேராக மாட்டினால் கருகிவிடும் என்று நடுவில் 24 வோல்ட் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்திருக்கிறார். அவுட்புட்டைக் காக்க, ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே டயோடுகூட உண்டு. இவ்வளவும் செய்துவிட்டு, ஹூட்டர் வயரை ரிலேயின் 12-ஆம் முனைக்குப் பதிலாக 14-இல் முறுக்கிவிட்டார். 14 நார்மலி ஓப்பன், ரிலேக்குக் கரண்ட் வந்தால்தான் ஹூட்டருக்கு வழி விடும்; 12 அதற்கு நேர்மாறு! டிரைவ் ஆரோக்கியமாக இருக்கும்வரை ஒப்பாரிதான்.

முதலாளியின் மகன் போனில் மேனுவலைத் திறந்துகொண்டு வந்தார். "பாராமீட்டர்ல அவுட்புட்டையே தலைகீழா மாத்திட்டா முடிஞ்சுதுங்களே அண்ணா?"

முடியும். அப்புறம் வயர் அறுந்தால் ஹூட்டர் வாயே திறக்காது. அதற்குத் துணியே தேவலாம்.

மெயினை அணைத்து, டிரைவின் சார்ஜ் விளக்கு அணையும்வரை காத்திருந்து, வயரை 12-க்கு மாற்றினேன். துணியையும் உருவினேன். மறுபடி ஆன் செய்ததும், டிரைவ் தயாராகும்வரை ஹூட்டர் முழுத் தொண்டையில் அலறியது. அப்போது முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது தனிக் கதை. பிறகு அமைதி. மெஷின் ஓட ஆரம்பித்தது. எங்கிருந்தோ ஓடிவந்த அக்கா, பட்டென்று எமர்ஜென்சி பட்டனை அடித்தார்.

"சத்தம் நின்னுபோச்சுங்க தம்பி!"

அவருக்குப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனால் நைட் ஷிஃப்ட் ஆளுக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி பிலிம் சிக்கி, ஓவர்லோடு அலாரம் விழுந்து, ஹூட்டர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நியாயமான காரணத்துக்குக் கத்தியிருக்கிறது. அந்தத் தம்பி நிதானமாகப் போன் செய்தார்.

"சார், மெஷின் நல்லாத்தானுங்க கத்துது. பாக்கெட்தான் வரமாட்டேங்குது."