சங்குக்கு 1, பிறகு யாருக்கு 2?

2024 செப்டெம்பர் 22ஆம் திகதி, இலங்கையின் தேர்தல் வரலாற்றில் முதல் தடவையாக, ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது. 1982இல் இருந்து நடந்த தேர்தல்கள் எல்லாவற்றிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டதால், சட்டத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதையே பலர் மறந்திருந்தார்கள். அன்றைக்கு அனுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915, சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. மற்ற வேட்பாளர்கள் எல்லாருக்கும் சேர்த்து 33 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த 33 இலட்சம் சீட்டுகளைத்தான் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். அதில் அனுரவுக்குப் போய்ச் சேர்ந்தது 105,264, சஜித்துக்கு 167,867. இரண்டையும் கூட்டினால் மூன்று இலட்சம்கூட வராது. மிச்சம் 30 இலட்சம் சீட்டுகளில் 2உம் 3உம் எழுதாமல் விட்டிருந்தார்கள், அல்லது ஏற்கெனவே தோற்றுப்போனவருக்கே எழுதியிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் அந்தத் தேர்தலுக்கு முன் மாதக்கணக்காக நடந்த சண்டை என்னவென்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குக்குப் போடுவதா, தமிழரசுக் கட்சியின் மத்திய குழு முடிவெடுத்தபடி சஜித்துக்குப் போடுவதா, தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி சொன்னபடி புறக்கணிப்பதா? பத்திரிகையில், முகநூலில், தேத்தண்ணிக் கடையில் எல்லா இடத்திலும் இதே கதைதான். என் பார்வையில் முதல் இரண்டுக்கும் இடையில் சண்டையே தேவையில்லை. சட்டம் மூன்று தெரிவு தந்திருக்கும்போது ஒன்றோடு நிறுத்திவிட்டு, "கொள்கையா, யதார்த்தமா" என்று ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

எண்ணுகிற விதத்தைச் சரியாக விளங்கிக்கொண்டால் இது தெளிவாகும். முதலில் எல்லாருடைய 1ஐயும் எண்ணுவார்கள். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் எடுத்தால் அத்தோடு முடிந்தது. எடுக்காவிட்டால் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களைத் தவிர மற்ற எல்லாரும் ஒரே அடியில் வெளியே. இந்தியாவின் குடியரசுத் தலைவர் தேர்தலைப்போல் கடைசி ஆளில் இருந்து ஒவ்வொருவராகக் கழிக்கும் முறை இங்கே இல்லை. முதல் இருவருக்கும் 1 போட்ட சீட்டுகளைத் திரும்பத் தொடவே மாட்டார்கள். ஆகவே சஜித்துக்கு 1 போட்டு அரியநேத்திரனுக்கு 2 போட்டவரின் அந்த 2ஐ யாரும் வாசிக்கவில்லை. வெளியேறியவர்களின் சீட்டுகளை மட்டும் எடுத்து, 2 எங்கே என்று பார்ப்பார்கள். அது முதல் இருவரில் ஒருவருக்கு என்றால் அவருடைய கணக்கில் சேரும். இல்லாவிட்டால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அந்தச் சீட்டின் வேலை முடிந்தது. கடைசியில் கூட வைத்திருப்பவர் வென்றவர். இந்தக் கட்டத்தில் மொத்த வாக்கில் பாதி வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அனுரவின் முடிவான 5,740,179 என்பது செல்லுபடியான 13,319,616இல் பாதியைவிடக் குறைவு.

இதில் இருந்து இரண்டு விசயம் பிடிபடும். ஒன்று, 2 எழுதுவதால் நீங்கள் 1 போட்டவருக்கு ஒரு துளி நட்டமும் இல்லை. அவர் போட்டியில் இருந்து வெளியேறிய பிறகுதான் 2ஐத் திறந்தே பார்க்கிறார்கள். "2 போட்டால் சங்கின் பலம் குறையும்" என்று ஊரில் பரவிய கதைக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாவது, பெரிய வேட்பாளர்கள் மூன்று பேர் நிற்கும்போது கணக்கு இன்னும் சுலபம். 2024இல் அனுர, சஜித், ரணில் என்று மூவர். இவர்களில் இருவர்தான் முதல் இரண்டு இடத்துக்கு வரப்போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சங்குக்கு 1 போட்டவர், இந்த மூவரில் அறவே வேண்டாம் என்று நினைக்கும் ஒருவரை விட்டுவிட்டு மற்ற இருவருக்கும் 2, 3 போட்டிருந்தால், இறுதிச் சுற்றில் அவருடைய சீட்டு கட்டாயம் ஒருவருக்குப் பேசியிருக்கும். எந்த இருவர் வந்தாலும் அதில் ஒருவராவது அவர் எழுதியவராக இருப்பார்.

சங்கின் 226,343 வாக்குகளும் அப்படியே சஜித்துக்கு மாறியிருந்தாலும் 2024இன் முடிவு மாறியிருக்காது, அது உண்மை. 33 இலட்சம் சீட்டும் முழுதாகக் கைமாறியிருந்தாலும்கூட அதில் 100க்கு 69க்கு மேல் சஜித்துக்கு வந்திருந்தால்தான் அவர் வென்றிருப்பார். ஆனால் எல்லாத் தேர்தலும் இப்படி வராது. 2005இல் மகிந்தவுக்கும் ரணிலுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 180,786. மகிந்த 50 வீதத்தைத் தாண்டியது 28 ஆயிரத்துச் சொச்ச வாக்குகளால். இன்னொரு 57 ஆயிரத்து முந்நூறு பேர் வந்து அவரைத் தவிர வேறு யாருக்குப் போட்டிருந்தாலும், தோற்கப்போகிற ஒரு சுயேச்சைக்குப் போட்டிருந்தாலும், விருப்பு வாக்கு எண்ணிக்கை அன்றைக்கே நடந்திருக்கும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அப்போது பதிவில் இருந்தவர்கள் ஏழு இலட்சம் பேர். வாக்களித்தவர்கள் 1.21 வீதம், அதாவது எட்டாயிரத்துச் சொச்சம். அந்தப் புறக்கணிப்பின் பின்னால் யார் நின்றார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை இங்கே கிளறவில்லை. புறக்கணிப்பும் ஒரு வாக்குத்தான், அது யாருக்கு விழுகிறது என்பதை மட்டும் நாங்கள் தெரிவுசெய்வதில்லை.

எங்கள் மாவட்டம் எப்போதும் ஒரே மாதிரிப் போட்டதும் இல்லை. 1982இல் தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவில்லை. குமார் பொன்னம்பலம் இங்கே முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர் ஜே.ஆர். அல்ல, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ. 1970 முதல் 1977 வரை அந்தக் கட்சியின் ஆட்சியில் இறக்குமதித் தடையால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கிடைத்த விலையைத் தோட்டக்காரர் மறக்கவில்லை. 2010இல் போரை நடத்திய இராணுவத் தளபதிக்கு 100க்கு 60க்கு மேல் போட்டதும் இதே மாவட்டம், ஆனால் அன்று வாக்களிக்கப் போனவர்கள் நால்வரில் ஒருவர்தான். 2024 செப்டெம்பரில் அனுரவுக்கு இங்கே 27 ஆயிரம். இரண்டே மாதத்தில், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், அவருடைய கட்சி 80 ஆயிரத்துக்கு மேல் எடுத்து எங்கள் ஆறு ஆசனங்களில் மூன்றைப் பிடித்தது. "யாழ்ப்பாணத்தார் இப்படித்தான் போடுவினம்" என்று கொழும்பில் இருந்து சொல்லும் ஆய்வாளர்கள் இந்த இலக்கங்களை ஒருக்கால் பார்க்கலாம்.

இனி, சீட்டில் எழுதும்போது பிழைக்கிற இடங்கள். 2024இல் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்டவை 300,300, அதாவது 2.2 வீதம். யாழ்ப்பாணத்தில் மட்டும் 25 ஆயிரத்துக்கு மேல், அளித்த வாக்கில் 6 வீதத்தைத் தாண்டுகிறது. வேண்டுமென்றே பழுதாக்கியவர்கள் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒவ்வொரு முறை என்பதுதான் பெரிய குழப்பம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு எதிரே புள்ளடி, பிறகு விருப்பு இலக்கங்கள் மூன்று வரைக்கும் புள்ளடி. உள்ளூராட்சியில் ஒரேயொரு புள்ளடி. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்ற இலக்கம். ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் புள்ளடி போட்டாலும் அதை 1ஆக ஏற்பார்கள். பிரச்சினை வருவது இரண்டையும் கலக்கும்போது. ஒருவருக்குப் புள்ளடி போட்டு இன்னொருவருக்கு 2 எழுதினால் சீட்டு போச்சு. 1 இல்லாமல் 2உம் 3உம் மட்டும் எழுதினாலும், இரண்டு பேருக்கு 1 எழுதினாலும் போச்சு. மூன்று பேருக்கும் புள்ளடி போடும் பழக்கம் பாராளுமன்றத் தேர்தலில் இருந்து ஒட்டிக்கொண்டு வருவது. வீட்டில் வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் இதைத்தான் சொல்லவேண்டும். 4 எழுத இடமில்லை. பெயர், கையொப்பம், கோபத்தில் ஒரு வசனம், எதுவும் எழுதக்கூடாது.

சீட்டு இரண்டு அடிக்கு மேல் நீளம், கட்டங்கள் ஒடுக்கம். தமிழ் அகர வரிசையில் பெயரைத் தேடிக்கொண்டு நிற்காமல் சின்னத்தைத் தேடுங்கள். இடக்கைச் சுட்டுவிரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு வலப்பக்கக் கட்டம் வரைக்கும் இழுத்துப் போனால் மேல்வரி கீழ்வரி மாறாது. இலக்கம் கோட்டில் ஏறாமல் கட்டத்துக்குள் நிற்கவேண்டும். 1ஐ வெறும் நேர்கோடாக எழுதுங்கள், மேலே வளைவு போட்டால் அவசரத்தில் 7 மாதிரித் தெரியும். பிழை விட்டால் வெட்டித் திருத்தாமல், பெட்டியில் போடுவதற்கு முன் அலுவலரிடம் சொல்லி அந்தச் சீட்டைக் கொடுத்து வேறொன்று கேளுங்கள். உத்தியோகபூர்வ அடையாளம் இல்லாத சீட்டு எண்ணப்படாது, வாங்கும்போதே ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டு ஏன் இவ்வளவு நீளம் என்றால் கட்டுப்பணம் அவ்வளவு மலிவு. 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000. எட்டில் ஒரு பங்கு வாக்கு எடுக்காவிட்டால் அது திரும்பி வராது. 1981இல் அது பெரிய காசு. இப்போது ஒரு நல்ல கைத்தொலைபேசியின் விலைகூட இல்லை. அந்தக் காசுக்கு அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரம் கிடைக்கிறது, வாக்களிப்பு நிலையத்துக்கு முகவர்களும் அனுப்பலாம். பெரிய வேட்பாளருக்காக முகவர்களை உள்ளே விடுவதற்கென்றே நிற்கும் ஆட்கள் உண்டு. 2019இல் 35 பேர், 2024இல் வேட்புமனு ஏற்கப்பட்டவர்கள் 39 பேர். அந்த 39இல் ஒரு பெண்கூட இல்லை.

வாக்களிக்கும்போது விரலில் பூசும் மை பற்றியும் ஒரு வார்த்தை, பிள்ளைகள் கேட்கிற கேள்வி. அதில் இருப்பது வெள்ளி நைத்திரேற்று. தோலில் உள்ள உப்போடு சேர்ந்து வெள்ளிக் குளோரைட்டாகிறது, வெளிச்சம் பட்டதும் கறுக்கிறது. தண்ணியில் கரையாது. தேசிக்காய்ப் புளியும் பற்பசையும் வீண்வேலை. தோலில் பட்டது சில கிழமையில் தோலோடு உரிந்துபோகும். நகத்தில் பட்டது நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரைக்கும் மாதக்கணக்கில் நிற்கும்.

2ஐயும் 3ஐயும் யாருக்கு எழுதுவது என்று எப்படி முடிவெடுப்பது? தனிமனித உரிமையும் அதிகாரக் கட்டுப்பாடும் முக்கியம் என்று நினைக்கிற ஒருவர், வாக்குறுதிகளை மூன்று தட்டில் பிரித்துப் பார்க்கவேண்டும். ஜனாதிபதி தன் கையெழுத்தால் மட்டும் செய்யக்கூடியவை ஒரு தட்டு: வடக்கு ஆளுநர் யார் என்பது, முப்படைத் தளபதி என்ற முறையில் இராணுவம் பிடித்து வைத்திருக்கும் வலிகாமம் வடக்குக் காணிகளை விடுவது, அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி பொதுமன்னிப்பு. இவற்றைச் செய்யாமல் "பாராளுமன்றம் ஒத்துழைக்கவில்லை" என்று யாரும் சாட்டுச் சொல்ல முடியாது. சாதாரணப் பெரும்பான்மை போதுமானவை அடுத்த தட்டு. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவது அதில் ஒன்று. 2022இல் செய்த திருத்தம் தடுத்துவைக்கும் உச்ச காலத்தை 18 மாதத்தில் இருந்து 12 மாதமாகக் குறைத்ததே தவிர, அமைச்சரின் கட்டளையில் ஆளைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு அப்படியே இருந்தது. மாகாண சபைத் தேர்தலும் இதே தட்டுத்தான். வட மாகாண சபைக்கு ஒரே ஒருமுறை, 2013 செப்டெம்பரில் வாக்களித்தோம், 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது. 2017இல் கொண்டுவந்த கலப்பு முறைக்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்ததால், பழைய முறையும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலை வந்தது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சிறிய திருத்தம் போதும். மேடையில் அதிகாரப் பகிர்வு பற்றி முழங்குபவரிடம் "அந்தத் திருத்தத்தை எப்போது கொண்டுவருவீர்கள்" என்று மட்டும் கேட்டால் போதும்.

மூன்றாவது தட்டில் இருப்பது நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் கேட்கிற வேலை. 1994இல் சந்திரிகாவில் தொடங்கி வந்தவர்கள் அநேகமாக எல்லாரும் சொன்னதுதான். உண்மையில் அதிகாரத்தை வெட்டியது 2015இன் 19ஆம் திருத்தம். 2020இல் 20ஆம் திருத்தம் அதைத் திருப்பிக் கவிழ்த்தது, 2022இன் 21ஆம் திருத்தம் ஒரு பகுதியை மீட்டது. அந்த 19ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்த மைத்திரிபால சிறிசேனவுக்கு யாழ்ப்பாணம் 74 வீதம் போட்டிருந்தது. அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்புக்குள் கொண்டுவந்ததும் அதே திருத்தம்தான். பிரதேச சபை ஒரு ஒழுங்கைக்கு எவ்வளவு செலவழித்தது என்று இன்று எழுத்தில் கேட்கலாம்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டும், அதற்குள் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டால் தவிர. இடையில் செய்யவேண்டியது வாக்காளர் இடாப்பு வேலை. வருடாவருடம் இடாப்பைத் திருத்தும்போது விதானையாரிடம் சொல்லி 18 வயதாகும் பிள்ளையின் பெயரைச் சேருங்கள். கனடாவிலும் பிரான்சிலும் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களின் பெயரைச் சும்மா வைத்திருக்க வேண்டாம். வெளிநாட்டில் இருந்து வாக்களிக்க இங்கே வழியில்லை. அந்தப் பெயர்கள் கள்ள வாக்குக்குத்தான் உதவும். இடாப்பைப் பார்வைக்கு வைக்கும் நாட்களில் கிராம அலுவலர் அலுவலகத்தில் போய்ப் பாருங்கள், அல்லது தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். வாக்காளர் அட்டை வராவிட்டாலும் பெயர் இடாப்பில் இருந்தால் வாக்களிக்கலாம். கையில் இருக்கவேண்டியது தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை என்று ஏதாவது ஒன்று. தேசிய அடையாள அட்டை தொலைந்திருந்தால் தேர்தல் அறிவித்த பிறகு ஓடித்திரியாமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.